யார் படம் மேலே?

சங்கங்களுக்கு வெப்சைட் செய்து கொடுப்பதும் கல்யாணப் பத்திரிகை அடிப்பதும் ஒன்றுதான்: எழுத்துப் பிழையை மன்னிப்பார்கள், பெயர் வரிசையை மன்னிக்கவே மாட்டார்கள். பெரம்பலூரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்துக்கொண்டு அரியலூர் வரைக்கும் இந்த வேலைக்காக அலைகிறேன். நீங்களும் ஏதாவது சங்கத்திடம் மாட்டிக்கொண்டவர் என்றால் வாருங்கள், சேர்ந்து புலம்பலாம்.

எது நல்ல சாஃப்ட்வேர்?

குரும்பலூர்ப் பக்கம் ஒரு ரத்த தானக் குழு. 'அவசரமாக ரத்தம் தேவை' என்று வாட்ஸ்அப்பில் வருகிற செய்தி, காலை வணக்கப் பூக்களுக்கு அடியில் புதைந்துபோகிறது, அதனால் வெப்சைட் வேண்டும் என்றார் செயலாளர். ரத்தப் பரிசோதனை லேப் நடத்துகிற அம்மா அவர். நியாயமான தேவை.

நாலைந்து சாஃப்ட்வேர்களை அலசி ஒன்றைப் பிடித்தேன். சிக்னல் ஒரு கோடு இருந்தாலும் போனில் திறக்கும். நம்பர் மாறினால் அந்த அம்மாவே மாற்றிக்கொள்ளலாம். ரைஸ் மில் வைத்திருக்கும் தலைவரிடம் இதையெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"எல்லாம் சரிங்க. இதுல நம்ம போட்டோ எவ்ளோ பெருசா வரும்?"

சம அந்தஸ்து

தலைவர், செயலாளர், பொருளாளர் மூவர் படத்தையும் ஒரே அளவில், ஒரே வரிசையில் வைத்தேன். என் கம்ப்யூட்டரில் பார்த்து மூவரும் தலையாட்டினார்கள். பொருளாளர் மட்டும் வீட்டுக்குப் போய்ப் போனில் திறந்து பார்த்திருக்கிறார். போனில் அகலம் போதாது. அதனால் அந்த சாஃப்ட்வேர் படங்களை ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கிவிடும். தலைவர் மேலே, அந்த அம்மா நடுவில், இவர் அடியில்.

மறுநாள் நான் சென்டரைத் திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றார். அது சாஃப்ட்வேர் தானாகச் செய்வது என்று சொல்லிப் பார்த்தேன்.

"தானா எப்படிங்க செய்யும்? யாரு பெரியவருன்னு நீங்க சொல்லிக் குடுக்காமலா?"

புதுத் தேர்வு

பஞ்சாயத்து கூடியது. படங்களையே எடுத்துவிடலாம் என்றேன். தலைவரும் பொருளாளரும் முதன்முறையாக ஒற்றுமையாக என்னை முறைத்தார்கள். கடைசியில் சாஃப்ட்வேரையே மாற்றினோம். புதியது போனிலும் படங்களை அடுக்காது, மூன்று முகமும் ஒரே வரிசையில் நிற்கும். ஆனால் பக்கம் திறக்க ஒரு யுகம் ஆகும். முகம் தெளிவாகத் தெரிய வேண்டுமென்று படங்களைப் பெரிதாக்கச் சொன்னார்கள். கூப்பிட வேண்டிய மூவர் நம்பரும் எறும்பு அளவில் அடியில் போய் உட்கார்ந்தன. எடுத்துச் சொன்னால் எனக்கு வேலை தெரியவில்லை என்பார்கள். அந்த அம்மா ஒருவர்தான் வாயைத் திறந்தார்.

"எங்க மூணு பேரு மூஞ்சியப் பாத்தா யாருக்கு சார் ரத்தம் ஊறப்போவுது?"

எறையூர்க்காரர்

கொஞ்ச நாள் கழித்து, பேரனுக்குப் பிறப்புச் சான்றிதழ் எடுக்க ஒருவர் என் சென்டருக்கு வந்தார். எறையூரில் கரும்பு வெட்டுகிறவர். என் திரையில் அந்த வெப்சைட் திறந்திருந்தது. படங்களைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. மகளுக்குப் பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போக, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று இதைத்தான் திறந்தாராம். பாதியிலேயே நின்றுவிட்டதாம். கூட்டிவந்த ஆட்டோக்காரருக்குத் தற்செயலாக அதே ரத்த குரூப், அவரே கொடுத்தாராம். மகள் பிழைத்தாள். அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"மூணு பேரும் பளிச்சுனு வந்தாங்க சார். நம்பருதான் கடைசி வரைக்கும் வரல."

அவசரத் திருத்தம்

அன்றைக்கே ரைஸ் மில்லுக்குப் போய்த் தலைவரிடம் சொன்னேன். சும்மா சொல்லக் கூடாது, அவர் ஆடித்தான் போனார். பொருளாளருக்கும் போன் போட்டார். படங்களுக்கு மேலே, பெரிய எழுத்தில், உடனே நம்பரைப் போட்டுவிடலாம் என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. போனை வைத்துவிட்டுத் தலைவர் என்னைத் தனியாக அழைத்தார்.

"மேல போடுறதுன்னா... மொதல்ல யாரு நம்பருங்க வரும்?"

எந்த சாஃப்ட்வேர் நல்லது என்று என்னிடம் கேட்கிறவர்களே, மேல் கீழ் இல்லாத ஒன்றை யாராவது கண்டுபிடிக்கிற வரைக்கும், அவசரமென்றால் நல்ல ரத்தமுள்ள ஆட்டோக்காரராகப் பார்த்து ஏறுங்கள்.