இருவர் ரத்தமும் கேட்ட டாக்டரம்மா

பரிசோதனைக் கூடத்தில் ரத்த மாதிரிக் குழாய்களை வெந்நீரில் வைத்துக்கொண்டிருந்தேன். திருவள்ளூரிலிருந்து வந்த ஆஸ்பத்திரி வண்டி ஓட்டுநர் வாசலிலேயே நின்றார். "சார், நம்ம கமலவேணி டாக்டரம்மா காலைல பூட்டாங்க" என்றார். சிறுநீரகம் கெட்டுப் பல மாதங்களாகப் படுக்கையில் இருந்தவர்தான். இருந்தும் கடிகாரத்தைப் பார்க்க மறந்துபோனேன். அன்றைய குழாய்களை மறுபடி வைக்க வேண்டியதாயிற்று.

அறுபதுகளின் நடுவில் அவர் எங்கள் சிறிய ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, உடலுறவால் தொற்றும் மேகநோய்க்கான ரத்தப் பரிசோதனை ஆண்களுக்கு மட்டும்தான் நடந்தது. புண் வந்தவன் துண்டால் முகத்தை மறைத்துக்கொண்டு வருவான், ஊசி போட்டுக்கொண்டு போவான். அவன் மனைவியைப் பற்றி யாரும் கேட்டதில்லை. பிள்ளை பெற வரும் எல்லாப் பெண்களுக்கும் சோதனை செய்ய வேண்டும் என்றார் டாக்டரம்மா. மூத்த மருத்துவர் கோபப்பட்டார். "குடும்பப் பொண்ணுங்களுக்கா இந்த டெஸ்ட்?"

"அவங்களுக்குத்தான் சார், புள்ள செத்துச் செத்துப் பொறக்குது."

அதன் பிறகு மூத்தவர் தடுக்கவில்லை.

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து வந்தவள் அஞ்சலை. கணவன் லாரி ஓட்டுநர். கல்கத்தா சாலையில் மாதக்கணக்கில் ஓடுபவன். இரண்டாவது குழந்தையும் இறந்தே பிறந்திருந்தது. அவள் ரத்தத்தில் நோய் இருப்பதை நான்தான் பார்த்துச் சொன்னேன். டாக்டரம்மா அவளிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லி, முதல் ஊசி போட்டு, கணவனையும் அழைத்து வரச் சொல்லி அனுப்பினார்.

அடுத்த ஊசிக்கு அவள் தனியாகத்தான் வந்தாள். உதடு கிழிந்திருந்தது.

"நீங்க சொன்னதத்தான் ஊட்ல சொன்னேன். எவன்கிட்ட வாங்கினு வந்தேன்னு என்னையே கேக்கறாரு. அம்மா ஊட்டுக்குப் போயிடுன்னுட்டாரு."

டாக்டரம்மா அன்றே குப்பத்துக்குப் போனார். நானும் உடன் போனேன். மாமியார் எங்களை வாசலைத் தாண்ட விடவில்லை. "அவ கத எங்களுக்குத் தெரியும், நீங்க போங்க" என்று கதவைச் சாத்தினாள். திரும்பும் வழியில் டாக்டரம்மா ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார்: "அவகிட்ட மட்டும் சொன்னது என் தப்பு." அஞ்சலை தாய் வீட்டிலிருந்து வந்து மிச்ச ஊசிகளையும் போட்டுக்கொண்டாள்.

சில ஆண்டுகள் கழித்து, மழைக்காலத்தில், பள்ளிப்பட்டுப் பக்கத்துப் பெண் ஒருத்தி வலியோடு வந்தாள். எட்டாம் மாதம். குழந்தை இறந்திருந்தது, தோல் உரிந்திருந்தது. வெளியே நின்ற கணவனிடம் பெயரும் ஊரும் கேட்டு எழுதும்போது எனக்கு ஆள் யாரென்று தெரிந்தது. அஞ்சலையை விரட்டியவன்தான். இவள் இரண்டாம் மனைவி.

இவள் ரத்தத்திலும் அதே நோய். டாக்டரம்மா நேராக அவனிடம் போனார்.

"இவ எவன்கிட்ட வாங்கினு வந்தா?"

அவன் துண்டை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டான்.

"கைய நீட்டு."

நீட்டினான். ரத்தத்தை அவரே எடுத்தார். அவனுக்கும் அதே நோய் என்று முடிவு வந்ததும், "இப்ப இன்னாம்மா பண்ணணும்?" என்று அழுதான்.

"ரெண்டு பேரும் ஊசி போட்டுக்குங்க. அப்பறம் அஞ்சலை ஊருக்குப் போ. அவ மேல தப்பில்லன்னு நாலு பேர் முன்னாடி சொல்லு."

ஊசி போட்டுக்கொண்டான். அஞ்சலை ஊருக்குப் போகவில்லை. டாக்டரம்மாவே போனார். அதற்குள் அஞ்சலை ஊரைவிட்டுப் போயிருந்தாள். ஊர்ப் பேச்சு தாங்காமல் போய்விட்டாள் என்றும், எங்கே என்று தெரியாது என்றும் அவளுடைய அம்மா சொன்னாள். அந்த அம்மாவின் தெருவில் நின்று, வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் காதில் விழும்படி, "உங்க பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல" என்று டாக்டரம்மா உரக்கச் சொன்னார். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதன் பிறகு அவர் எந்தப் பெண்ணிடமும் முடிவைத் தனியாகச் சொல்லி வீட்டுக்கு அனுப்பவில்லை. கணவன் மனைவி இருவர் ரத்தத்தையும் எடுத்து, இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துச் சொன்னார். வர மறுத்த லாரிக்காரர்களைப் புதுவாயல் டீக்கடை வரை தேடிப்போய்த் திட்டி அழைத்து வந்தார். கும்மிடிப்பூண்டியில் தொழிற்கூடங்கள் எழும்பி வெளியூர் ஆண்கள் வந்து குவிந்தபோது, எங்கள் ஆஸ்பத்திரியில் அது வழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது. அதனால் எத்தனையோ குழந்தைகள் உயிரோடு பிறந்தன. அதைச் சொல்லி நான் பாராட்டும்போதெல்லாம் அவர் வேறு பேச்சுக்குப் போய்விடுவார்.

கடைசியாக நான் பார்க்கப் போனபோது அவருக்கு முகம் வீங்கியிருந்தது. "அஞ்சலையப் பத்தி எதாவது தெரிஞ்சுதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவரை அடக்கம் செய்த மறுநாள் ஒரு தம்பதி வந்தார்கள். "புள்ள பெக்கப் போறது அவதான சார்? எனக்கு எதுக்கு டெஸ்ட்டு?" என்றார் கணவர். அந்தப் பெண் ஏற்கெனவே முந்தானையை ஒதுக்கிக் கையை நீட்டியிருந்தாள். "நீ இரும்மா" என்று சொல்லிவிட்டு, கணவர் கையில் முதலில் ரப்பர் குழாயைக் கட்டினேன். டாக்டரம்மாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இதைத்தான்.