கஞ்சி போட்ட நூல்

சொல்தாக்கள் சங்கத்து மலரில் ஃப்ரெடெரிக்கின் படம் வந்திருந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை நாங்கள் சொல்தா என்போம். எனக்குப் படிக்கத் தெரியாது, படம் பார்க்கத் தெரியும். வெள்ளைத் தொப்பி, கையில் தூண்டில் கோல், தோளில் சுற்றிப் போட்ட நூல். அந்த நூலைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. அது என் தம்பி அம்மாவாசை முறுக்கிய நூல்.

எதிர்வீட்டுக் கார்குழலியைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். வெளிநாட்டுச் சாமான் இல்லாமலே இறகுத் தூண்டில் போடலாம் என்று புதுச்சேரிக்குக் காட்டியவர் ஃப்ரெடெரிக்காம். நூலைத் தன் கையாலேயே முறுக்கினாராம். அந்த மனிதர் தன் கையால் முறுக்கியது மீசை ஒன்றுதான். பதினோரு வருடம் அவர் வீட்டில் சமைத்தவள் சொல்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நோணாங்குப்பத்தில் தண்ணீர் ஓரமாகச் சங்கம் ஒரு கொட்டகை திறக்கிறதாம். அங்கே ஒருவர் உட்கார்ந்து நூல் முறுக்கித் தருவார், கோல் கொடுப்பார், ஆசைப்பட்டு வருகிறவர்களுக்கு வீசக் கற்றுத் தருவார். அந்தப் பொறுப்பும் ஃப்ரெடெரிக்குக்கே. எல்லோரும் வீட்டிலேயே ஒரு நூல் செய்து கொண்டுவர வேண்டும் என்று செய்முறையும் போட்டிருந்தார்கள். அதில் ஒரு வரி வந்ததும் கார்குழலியை நிறுத்தி இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். அவள் வாசித்தாள். அந்த வரி என்ன என்று பிறகு சொல்கிறேன். முதலில் என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவன் எனக்குப் பத்து வயது இளையவன். அமாவாசையில் பிறந்தான், அதையே பெயராக வைத்துவிட்டார்கள். பதினெட்டு வயதில் மில்லுக்குப் போனான். வைண்டிங்கில் வேலை. ஓடுகிற நூல் அறுந்தால் கண் இமைப்பதற்குள் முடிச்சுப் போட வேண்டும். அவன் முடிச்சுப் போட்ட இடத்தை விரலால் தடவினால்கூடத் தெரியாது. என் புடவைக் கிழிசலை அவன் இழுத்துக் கட்டிக் கொடுத்ததைப் பார்த்து, எங்கே தைத்தாய் என்று கேட்டவர்கள் உண்டு.

இரண்டாயிரத்து மூன்றில் அவன் பிரிவை மூடினார்கள். கையில் ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். வேலை இல்லாதவனுக்கு மணி பார்க்க ஒரு கடிகாரம். அந்தப் புத்தி யாருக்கு வந்ததோ தெரியவில்லை. அவன் மனைவி மணியம்மாள் என்னிடம் வந்து அழுதாள்.

"அண்ணி, காலையில எழுந்ததும் தூக்குச் சட்டி கேக்கறாரு. சோறு கட்டிக் குடுக்கறேன். எடுத்துக்கினு போயி மில்லு கேட்டுல நிக்கிறாராம். மத்தியானம் அப்படியே திரும்பக் கொண்டாறாரு."

நான் ஃப்ரெடெரிக்கிடம் பேசினேன். அவரை முசியே என்போம், பிரெஞ்சில் ஐயா மாதிரி. "முசியே, என் தம்பிக்குத் தோட்ட வேலை குடுங்க" என்றேன். கொடுத்தார். நன்றிதான், அதை இல்லை என்று சொல்லவில்லை. செடிக்குத் தண்ணீர் விடுவது, கார் துடைப்பது, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மீன் பிடிக்கும் பையைத் தூக்கிக்கொண்டு நோணாங்குப்பம் போவது, இவ்வளவுதான் வேலை.

அந்தத் தூண்டிலில் புழு இல்லை, ஈயக் குண்டு இல்லை. சின்ன முள்ளில் இறகைக் கட்டிப் பூச்சி மாதிரி செய்திருப்பார்கள். ஃப்ரெடெரிக் அதை முஷ் என்பார், பிரெஞ்சில் ஈ என்று அர்த்தமாம். தலைக்கு மேலே நூலை முன்னும் பின்னும் சுழற்றி வீசுவார். நூலின் கனத்திலேயே அது பறந்து போய்த் தண்ணீரில் உட்காரும். அம்மாவாசை முதல் நாள் பார்த்துவிட்டு வந்து என் அடுப்பங்கரையில் உட்கார்ந்தான்.

"அக்கா, குண்டு கட்டாம நூலே போவுது. நடுவுல தடி, நுனியில சன்னம். மில்லுல இப்படி ஒரு நூலு நான் பாத்ததே இல்ல."

மில் மூடியதிலிருந்து அவன் வாயிலிருந்து மூன்று வாக்கியம் சேர்ந்து வந்தது அன்றைக்குத்தான்.

பிடித்த மீனை ஃப்ரெடெரிக் முத்தம் கொடுத்துத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார் என்றும் சொன்னான். எனக்கு அப்போதே கோபம் வந்தது. குழம்புக்கு இல்லாத மீனுக்கு எதற்கு அத்தனை பாடு.

ஒரு நாள் ஒரே ஒரு தடவை வீசிப் பார்க்கட்டுமா என்று கேட்டிருக்கிறான். ஃப்ரெடெரிக் சிரித்திருக்கிறார். "இது உனக்கான சாமான் இல்லப்பா. இந்த நூல் ஒண்ணே உன் ஆறு மாசச் சம்பளம். நீ பையப் புடி" என்றாராம். இவன் பையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான்.

மறுநாள் என் ஒட்டடைக் கம்பைக் காணோம்.

நல்ல மூங்கில், நுனி வளையும், கை வலிக்காது. கேட்டால் கொடுத்திருப்பேன். கேட்காமல் எடுத்துப் போய்க் கண்ணாடிச் சில்லால் சீவிக்கொண்டிருந்தான். திட்டுவதற்காகத்தான் அவன் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்ததும், "அக்கா, இந்த முனையப் புடி. விட்டுடாத" என்று ஒரு நூலைக் கையில் கொடுத்துவிட்டான்.

மூன்று மணி நேரம் பிடித்தேன். மறுமுனை ஜன்னல் கம்பியில். பன்னிரண்டு இழையில் ஆரம்பித்து, ஒவ்வொரு பாகத்துக்கும் இரண்டிரண்டு இழை குறைத்து, சைக்கிள் கம்பியை வளைத்துச் செய்த கொக்கியால் முறுக்கிக்கொண்டே வந்தான். நான் கொஞ்சம் தளர்த்தினால் அத்தனையும் பாம்பு மாதிரி சுருண்டுவிடும். மூக்கு அரித்தது, சொறிய முடியவில்லை. திட்ட வந்ததை மறந்தே போனேன்.

முறுக்கி முடித்ததும் மில்லுக்காரன் புத்தியைக் காட்டினான். தறிக்குப் போகிற பாவு நூலுக்குக் கஞ்சி போடுவார்கள், அப்போதுதான் அறுந்துபோகாது, விறைப்பாக நிற்கும். இவனும் ஃப்ரெடெரிக் வீட்டு அடுப்பிலேயே வடிகஞ்சி காய்ச்சி நூலை முக்கி எடுத்தான். காபிக்கு வந்த ஃப்ரெடெரிக் நின்று பார்த்தார். "என்னடா சமையல்?" என்றார். "நூலுக்குக் கஞ்சி முசியே" என்றான். தலையை ஆட்டிவிட்டுப் போனார். அவர் பார்த்தது அவ்வளவுதான்.

காய்ந்த நூல் கம்பி மாதிரி நின்றது. மாடியில் வீசிப் பார்த்தான், அம்பு மாதிரி போனது. தண்ணீரில் போட்டதும் கதை மாறிவிட்டது. கஞ்சி கரைய ஆரம்பித்தது. மடவை மீன் கூட்டம் கூட்டமாக வந்து இறகைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நூலையே மேய்ந்தன. கொஞ்ச நேரத்தில் நூல் வெந்த சேமியா ஆகி முழுகிவிட்டது. படகுக்காரன் காத்தவராயன் அங்கிருந்தே கேட்டானாம்: "அண்ணே, மீனுக்குப் பந்தி பரிமாறிட்ட. அப்பளம் எப்ப வெப்ப?"

வேறொருவனாக இருந்தால் விட்டிருப்பான். இவன் மாதா கோயில் வாசலில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்தான். உருக்கி, சூடாக இருக்கும்போதே நூலில் தேய்த்துத் துணியால் உருவினான். புதிதாக முறுக்கிய நூலுக்குத்தான், கஞ்சியே இல்லாமல். மெழுகும் முதலில் வெடித்தது. கொஞ்சம் விளக்கெண்ணெய் சேர்த்தான், சரியாக வந்தது. நூல் மிதந்தது. நுனியில் ஒரு முழம் தங்கூஸ் என்கிற நைலான் நரம்பு. நெல்லித்தோப்புக் கறிக்கடையில் சேவல் கழுத்து இறகைச் சும்மாவே கொடுத்தார்கள். அதை முள்ளில் கட்டுவது அவனுக்கு என்ன பெரிய வேலை, மில் முடிச்சுப் போட்ட விரல்.

ஆறு மாதத்தில் ஒரு கொடுவா பிடித்துக் கொண்டுவந்தான். முத்தமும் கொடுக்கவில்லை, திரும்ப விடவுமில்லை. நான் குழம்பு வைத்தேன். காலையில் தூக்குச் சட்டி கேட்பதை அவன் நிறுத்தி அப்போது ரொம்ப நாளாகியிருந்தது.

பிறகு ஃப்ரெடெரிக்கின் பிரெஞ்சு நூல் வெயிலிலும் உப்பிலும் வெடித்துப் போனது. "அம்மாவாச, உன் நூல ஒரு நாளைக்குக் குடு" என்றார். கொடுத்தான். அவருக்கு மட்டுமில்லை, சங்கத் தலைவர் ஒசேனுக்கு ஒன்று, அவருக்கு வேண்டியவர்களுக்கு ரெண்டு என்று முறுக்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தான். யார் செய்தது என்று அவர்களிடம் ஃப்ரெடெரிக் என்ன சொன்னார் என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்காதது எங்கள் புத்தி. மலர் வந்த பிறகுதான் தெரிந்தது.

மலரை எடுத்துக்கொண்டு அம்மாவாசை வீட்டுக்குப் போனேன். அவன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "விடுக்கா" என்றான். நான் விடுகிறவள் இல்லை. ஃப்ரெடெரிக்கிடமே போய்க் கேட்டேன்.

"முசியே, நூலு முறுக்கினது யாரு?"

"ஏன் செல்வாம்பா, ரெண்டு பேரும் சேர்ந்துதானே செஞ்சோம். என் அடுப்பு, என் வீடு. அவனுக்கு மலர்ல பேர் வந்து என்ன ஆவப்போவுது? கொட்டகையில எனக்கு ஒத்தாசையா வரட்டும். பையப் புடிக்கட்டும்."

கரண்டியை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அன்றைக்கு அவர் என்ன சாப்பிட்டார் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை.

இரண்டு நாள் கழித்து மணியம்மாள் வந்தாள். இந்தத் தடவை அழவில்லை, முகம் வெளுத்திருந்தது. "அண்ணி, திரும்பவும் தூக்குச் சட்டி கேட்டாரு" என்றாள்.

மில் கேட்டுக்குப் போய்ப் பார்த்தேன். நின்றுகொண்டிருந்தான். கேட்டில் பூட்டு, பூட்டில் துரு. அதன் முன்னால் நாற்பத்தெட்டு வயது மனிதன் சோற்றுச் சட்டியோடு. அப்போது எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

"வாடா வீட்டுக்கு" என்று கையைப் பிடித்து இழுத்து வந்தேன். வழியில் அந்த வரியைச் சொன்னேன். முறுக்கிய நூலை வடிகஞ்சியில் முக்கி உலர்த்த வேண்டும் என்று மலரில் போட்டிருக்கிறது. மெழுகைப் பற்றி ஒரு எழுத்துக்கூட இல்லை.

அவன் நின்றுவிட்டான். "ஐயோ பாவம்க்கா. அத்தினி பேரும் கஞ்சி போட்டுக்கினு வருவாங்க. போயி சொல்லிட்டு வந்துடறேன்."

"நீ போயி சொன்னா இந்த ஜென்மத்துல உங்கூடப் பேச மாட்டேன்" என்றேன். அவனுக்கு என்னைத் தெரியும். போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவனையும் மணியம்மாளையும் கூட்டிக்கொண்டு நோணாங்குப்பம் போனேன். அவன் வரமாட்டேன் என்றான். ஒட்டடைக் கம்பை என்னிடம் திருப்பிக் கொடு, அல்லது அதை எடுத்துக்கொண்டு வா என்றேன். எடுத்துக்கொண்டு வந்தான்.

பன்னிரண்டு பதின்மூன்று பேர் வந்திருந்தார்கள். அநேகமாக எல்லோர் கையிலும் வெள்ளை வெளேரென்று விறைத்த நூல். ஃப்ரெடெரிக்கிடமும் புது நூல் ஒன்று இருந்தது. என் தம்பி கொடுத்ததுதான் இருக்கிறதே, இவரும் ஒன்று செய்து பார்த்திருக்கிறார், கூட்டத்துக்கு முன்னால் காட்ட. அதை முறுக்கியது எப்படியோ, முடிச்சு முடிச்சாகக் கொய்யாப் பிஞ்சு காய்த்த மாதிரி இருந்தது. ஒசேன் நாடாவை வெட்டினார். எல்லோரும் வரிசையாக நின்று வீசினார்கள். காற்றில் அழகாகத்தான் போனது.

மடவைகள் வந்தன. நான் அத்தனை மடவையை ஒரே இடத்தில் பார்த்ததில்லை. தண்ணீர் கொதிக்கிற மாதிரி இருந்தது. "மீனு வருது, மீனு வருது" என்று ஒருவர் குதித்தார். வந்தது நூலைத் தின்ன என்று அவருக்குப் புரிய நேரமானது. ஒவ்வொரு நூலாகச் சேமியா ஆகித் தொங்கியது. காத்தவராயன் படகை நிறுத்திவிட்டு, "இன்னைக்குப் பெரிய கல்யாணம் போலருக்கே" என்றான்.

எல்லோரும் ஃப்ரெடெரிக்கைப் பார்த்தார்கள். ஃப்ரெடெரிக் அம்மாவாசையைப் பார்த்தார்.

"இது என்னப்பா இப்படி ஆச்சு?" என்றார், மெதுவாக.

அவன் பதில் சொல்வதற்குள் ஒசேன் தன் கோலைத் தூக்கினார். அவருடையது பழைய நூல், என் தம்பி கொடுத்தது. தண்ணீர் மேலே மிதந்துகொண்டிருந்தது.

"என்னுது மட்டும் நல்லாருக்கே. ஃப்ரெடெரிக், இத நீதான செஞ்சேன்னு சொன்ன? அதுல என்ன போட்ட?"

ஃப்ரெடெரிக் தொப்பியைக் கழற்றினார், மாட்டினார்.

"பாய்" என்றேன் நான், "என்ன போட்டதுன்னு அவருக்குத் தெரியாது. அவரு அடுப்பங்கரைக்கு வந்தது கஞ்சி காய்ச்சின அந்த ஒரு நாளுதான். போட்டவன் இங்க நிக்கறான், அவனக் கேளுங்க."

அம்மாவாசைக்குத் தரையைப் பார்த்துப் பேசித்தான் பழக்கம். அன்றும் அப்படித்தான் ஆரம்பித்தான். "கஞ்சி தறிக்குங்க. தண்ணிக்கு மெழுகு." பிறகு தலை நிமிர்ந்தது. ஒவ்வொருவர் நூலாக வாங்கிப் பார்த்தான். இது ஆவும், இது ஆவாது, இத அவுத்துட்டு மறுபடி முறுக்கணும் என்று சொல்லிக்கொண்டே போனான். ஃப்ரெடெரிக்கின் நூலை மட்டும் விரலால் ஒரு தடவை தடவிவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். ஒசேன் கொட்டகைச் சாவியை என் தம்பியின் சட்டைப் பையில் போட்டார்.

மலரில் போட்டது போட்டதுதான், அதை யாரும் திருத்தவில்லை. அதனால்தான் இதை இவ்வளவு தூரம் சொன்னேன்.

மூன்று வாரம் கழித்து, நான் சோறு எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனபோது ஃப்ரெடெரிக் அங்கே நின்றிருந்தார். நூல் வேண்டும் என்றாராம். நானாக இருந்தால் வந்த வழியைக் காட்டியிருப்பேன். என் தம்பி, "இந்த முனையப் புடிங்க முசியே, விட்டுடாதீங்க" என்று கையில் கொடுத்திருக்கிறான். ஃப்ரெடெரிக் வெயிலில் நூலைப் பிடித்துக்கொண்டு நின்றார். மறுமுனையில் அம்மாவாசை அவசரமே இல்லாமல் முறுக்கிக்கொண்டிருந்தான்.

"செல்வாம்பா, கொஞ்சம் தண்ணி" என்றார் ஃப்ரெடெரிக்.

கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கிக்கொள்ள அவரிடம் கை இல்லை. இரண்டு கையும் நூலில் இருந்தது. சொம்பை அவர் கண் எதிரே வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து நூல் முடிகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன்.