அரிசி மூட்டைக்குக் கொடுத்த அறை

எருத்தேன்பதியில் மருதாத்தாளின் கோபத்தை அறியாதவர்கள் இல்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன்பு சிறுநீரகக் கல்லுக்காகக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்து வந்தவள், முதல் வேலையாகத் தன் கடலைக்காட்டில் மோட்டார் அறைக்குப் பக்கத்தில் ஒரு கழிவறை கட்டினாள். காட்டு வேலைக்கு வரும் பெண்களுக்காக. அந்தப் பக்கத்தில் யாரும் அப்படிச் செய்ததில்லை. "காளிச்சாமி சம்சாரம் காட்டுக்குள்ள பங்களா கட்டறாளாமா" என்று கேலி பேசினார்கள். பேசியவன் வீட்டு வாசலுக்கே போய் நின்றாள்.

"உன்ற பொண்டாட்டி விடியால கடலை புடுங்கப் போனா மத்தியானம் வரைக்கும் என்ன பண்றான்னு என்னைக்காச்சும் கேட்டிருக்கறயா?"

அவன் கேட்டதில்லை.

அந்த ஊர்ப் பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வண்டி ஏறும் நாளில் தண்ணீர் தொட மாட்டார்கள். கல்யாணமாக இருந்தாலும் பழநியாக இருந்தாலும் போய்ச் சேர்ந்த பிறகுதான் குடிப்பார்கள். தாய் சொல்லி மகள் கற்றுக்கொள்வது. மருதாத்தாள் தன்னளவில் அந்த வழக்கத்தை ஒழித்துவிட்டதாகவே நினைத்திருந்தாள்.

போன மார்ச்சில் மகள் கிருத்திகா பிடிவாதம் பிடித்து அவளை வடநாட்டுச் சுற்றுலாவுக்கு அனுப்பினாள். பாலக்காட்டிலிருந்து பேருந்திலேயே போய் வருவது. சமையல்காரரும் அரிசி பருப்பும் கூடவே வரும். மாடுகளைப் பார்க்க ஆள் வேண்டும் என்று காளிச்சாமி வீட்டில் இருந்துவிட்டார். மருதாத்தாளுக்குப் பக்கத்து இருக்கையில் கல்பாத்தி சுப்புலட்சுமி. தொலைபேசி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் கணவர் முத்துசுவாமி, வேடிக்கை பார்க்க வசதி என்று முன்வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டார்.

பத்தாம் நாள் பாலைவனம். பிகானேரிலிருந்து காலை ஆறு மணிக்குப் புறப்பட்டார்கள். ஜெய்சல்மேரைத் தாண்டி மணல்மேட்டுக்குப் போய், ஒட்டகத்தின் மேல் ஏறி அஸ்தமனம் பார்க்க வேண்டும் என்பது அன்றைய திட்டம். மேலாளர் பூபதிராஜா ஆளுக்கொரு பெரிய தண்ணீர் பாட்டில் கொடுத்தான். சாலை கோடு போட்டதுபோல் போனது. இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்துக்கு மேல் ஒன்றும் வளராத மண்.

பத்து மணிக்கு வண்டி நின்றது. ஆண்கள் இறங்கி, ஆளுக்கொரு திசையில் நாலடி நடந்து, வேலையை முடித்துக்கொண்டு ஏறினார்கள். பெண்கள் இறங்கவில்லை. மறைவுக்கு ஒரு செடிகூட இல்லை.

"அரை மணி நேரத்துல நல்ல ஓட்டல் வருதுங்க" என்றான் பூபதிராஜா. ஓட்டல் வந்தது, பூட்டிக் கிடந்தது. அடுத்து வந்த பெட்ரோல் பங்கில் கழிவறைக்குக் கதவு இல்லை. பன்னிரண்டு மணிக்கு ஆண்கள் இன்னொரு முறை இறங்கி ஏறினார்கள்.

ஒன்றரை மணிக்குச் சுப்புலட்சுமி போர்வையை எடுத்துக் கழுத்துவரை போர்த்திக்கொண்டார். வெளியே வெயில் கொளுத்தியது.

"மாமி, குளுருதுங்களா?"

"நேக்கு ஒண்ணுமில்லை. இடுப்பிலே சித்த வலி."

மருதாத்தாள் அவர் கையைத் தொட்டாள். சுட்டது. இருக்கைப் பையில் இருந்த பாட்டிலைப் பார்த்தாள். மூடியே திறக்கவில்லை. பின்னால் இருந்த பெண்களின் பாட்டில்களைத் திரும்பிப் பார்த்தாள். எல்லாம் நிறைந்திருந்தன. கடைசியில் தன் பாட்டிலைப் பார்த்தாள். அதையும் அவள் தொட்டிருக்கவில்லை. கல் வந்து கதறியவள், காட்டில் கழிவறை கட்டியவள், வண்டி ஏறியதும் தாய் சொன்னபடியே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முதலில் தன்மீதுதான் கோபம் வந்தது.

அந்தக் கோபத்தோடு எழுந்து வண்டியின் பின்பக்கம் போனாள். அங்கே ஒரு சிறு கதவு. விளம்பரத் தாளில் 'கழிவறை வசதியுடன்' என்று போட்டிருந்தது. கிருத்திகா அதைப் பார்த்துத்தான் பெயர் கொடுத்தாள். கதவில் பூட்டு தொங்கியது. தினமும் அந்த வழியாக ஏறி இறங்கியும், பழுது போலிருக்கிறது என்று அவளும் விட்டிருந்தாள்.

"தம்பி, சாவி குடு."

"அது உள்ள சாமான் இருக்குதுங்கக்கா."

"என்ன சாமான்?"

"அரிசி மூட்டை. வெங்காயம். டிக்கில எடம் பத்தலீங்க."

"அப்ப அரிசிக்குக் கக்கூஸ் குடுத்திருக்கறே. எங்களுக்கு?"

"அக்கா, இன்னும் ரெண்டு மணி நேரந்தானுங்க. ஒட்டகக்காரன் அஞ்சு மணிக்கு மேல நிக்க மாட்டான்."

முன்னாலிருந்து முத்துசுவாமி திரும்பினார். "அவ பொறுத்துண்டுடுவா அம்மா. ஆபீஸிலே முப்பது வருஷம் இப்படித்தான் இருந்தா. ஒரு தடவை குறை சொன்னதில்லை."

மருதாத்தாள் அவரையே பார்த்தாள். "குறை சொல்லலீன்னு உங்களுக்குப் பெருமைங்களா?" என்று கேட்டுவிட்டு ஓட்டுநரிடம் போனாள். ஓட்டுநர் ஜோபி ஆனைக்கரைக்காரன், மலையாளி.

"வண்டிய நிறுத்து."

"சேச்சி, இங்க ஒரு மரம்கூட இல்லல்லோ."

"மரம் வேண்டாம். ஆம்பளைங்க இருக்கறாங்கல்ல."

வண்டி நின்றது. அவள் போர்வைகளை அள்ளி ஆண்களின் கையில் திணித்தாள். கடலைக்காட்டில் பெண்கள் ஒருவருக்கொருவர் சேலையை விரித்துப் பிடிப்பது உண்டு. இங்கே பிடிப்பது ஆண்களின் வேலை என்றாள். பதினாறு பேரும் சாலையோரத்தில் வரிசையாக, மணலுக்கு முதுகு காட்டி, போர்வைகளை விரித்துப் பிடித்து நின்றார்கள். போகிற லாரிகள் ஹாரன் அடித்துச் சிரித்தன. பூபதிராஜா ஒரு முனையில் தலைகுனிந்து நின்றான்.

"இன்னும் எத்தனை நேரம்? கை கடுக்கறதே" என்றார் முத்துசுவாமி.

"காலைலிருந்து அவுங்க பொறுத்த நேரம்" என்று போர்வைக்குப் பின்னாலிருந்து மருதாத்தாளின் பதில் வந்தது.

மற்றப் பெண்கள் எழுந்து வந்துவிட்டார்கள். சுப்புலட்சுமியால் முடியவில்லை. மருதாத்தாளின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். சொட்டுச் சொட்டாக வந்தது, எரிந்தது, நிறம் சிவப்பாக இருந்தது.

"மணல்மேடு கிடக்கட்டும். பக்கத்துல டாக்டரு எங்கன்னு பாரு" என்றாள் மருதாத்தாள்.

நாற்பது கிலோமீட்டர் பக்கவாட்டில் ஒரு சிறு ஊர் இருந்தது. நான்கு ஆண்கள் முணுமுணுத்தார்கள். ஒட்டகத்துக்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தோம் என்றார் ஒருவர். "நீங்க இங்கயே எறங்கி நடந்து போங்க" என்றாள் அவள். யாரும் இறங்கவில்லை.

மருத்துவர் ஒரு பெண். எத்தனை நாளாக வலி என்று கேட்டார். பூபதிராஜா அதைத் தமிழில் சொன்னான். முத்துசுவாமி, "இன்னிக்குத்தான்" என்றார்.

"மூணு நாளா" என்றார் சுப்புலட்சுமி.

மூன்று நாளாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் கேட்காத மருதாத்தாள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கிருமி சிறுநீரகம் வரை ஏறியிருக்கிறது, இரவு தாண்டியிருந்தால் மோசமாகியிருக்கும் என்றார் மருத்துவர். குளுக்கோஸ் ஏற்றினார்கள், ஊசி போட்டார்கள். மூன்று லிட்டர் தண்ணீர் தினமும் குடித்தாக வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

"வண்டியிலே எப்படி அத்தனை குடிக்கறது?" என்று சுப்புலட்சுமி மெல்லக் கேட்டது மருதாத்தாளின் காதில் விழுந்தது.

அவள் வெளியே வந்தாள். பூபதிராஜாவிடம் கையை நீட்டினாள். இந்த முறை சாவி வந்தது. முதல் மூட்டையை அவளே இழுத்துப் போட்டாள். மூன்றாவதை இழுக்கும்போது ஜோபி வந்து கைகொடுத்தான்.

"அக்கா, இதையெல்லாம் எங்கீங்க வைக்கறது?"

"உன்ற சீட்டுல வை. பத்தலீன்னா முன்வரிசைல வை."

உள்ளே குழாயில் தண்ணீர் வந்தது. பத்து நாளாக வந்துகொண்டுதான் இருந்திருக்கும். அதைக் கண்டதும் அவள் கோபம் இன்னும் ஏறியது. வெங்காயச் சருகைக் கூட்டித் தள்ளி, வாளி வாளியாக ஊற்றிக் கழுவினாள்.

ஏழு மணிக்கு வண்டி கிளம்பியது. பூபதிராஜா படிக்கட்டில் உட்கார்ந்து வந்தான். முத்துசுவாமியின் மடியில் வெங்காயப் பை இருந்தது. ஓடும் வண்டியில் சுப்புலட்சுமி கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"இப்போ எங்கே போறாய்?" என்றார் கணவர்.

சுப்புலட்சுமி பின்பக்கத்துச் சிறு கதவை நோக்கி நடந்தார்.