பிறந்த தேதிக்கு முன்னால் தேடியவர்

போன புதன்கிழமை காலை பால் பாக்கெட்டுடன் வீட்டுக்குள் நுழையும்போது கைப்பேசி அடித்தது. மங்கை டீச்சரின் மகன் பிரபு.

"சார், அம்மா போயிட்டாங்க சார். காபி கேட்டாங்க. போட்டு எடுத்துட்டு வர்றதுக்குள்ள..."

"இதோ வரேன் தம்பி" என்று மட்டும் சொன்னேன்.

மங்கையர்க்கரசி என்பது முழுப்பெயர். திருவண்ணாமலையில் நாங்கள் இருவரும் ஒரே பள்ளியில் பத்தொன்பது ஆண்டுகள் வேலை பார்த்தோம். அவர் கணக்கு, நான் வரலாறு. டீச்சரை அறியாதவர்களுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒருநாள் கரும்பலகையில் அவர் போட்ட கணக்கிலேயே பிழை இருந்தது. கடைசி வரிசைப் பெண் ஒருத்தி தயங்கித் தயங்கிச் சொன்னாள். வேறு யாராக இருந்தாலும் சமாளித்திருப்பார்கள். டீச்சர் சாக்பீஸை அவள் கையில் கொடுத்துவிட்டு, அவள் இடத்தில் போய் உட்கார்ந்து, அவள் போட்டதை நோட்டில் எழுதிக்கொண்டார். "விடை வந்தா போதாது, திருப்பிப் போட்டுப் பாக்கணும். இன்னிக்கு நான் பாக்கல" என்றார்.

அவருடைய தாத்தா முனுசாமி, தேரடித் தெருவில் கடை வைத்திருந்த ஒரு குடும்பத்துக்கு வளர்ப்புப் பிள்ளையாக வந்தவர். எங்கிருந்து வந்தார் என்று யாருக்கும் தெரியாது. கார்த்திகை தீபக் கூட்டத்தில் பெற்றவர்கள் விட்டுவிட்டுப் போன பிள்ளை என்று உறவினர்கள் பேசிக்கொள்வார்கள். சண்டை வந்தால் அது உரக்கவே வரும். டீச்சரின் அப்பாவுடைய கருமாதியன்று, பந்தியில் யாரோ இலை சரியில்லை என்று கோபித்துக்கொண்டு, "எவ்ளோ செஞ்சாலும் தீபத்துல வுட்டுட்டுப் போன வம்சம்தானே" என்று சொல்லிவிட்டார்கள்.

விடுப்பு முடிந்து பள்ளிக்கு வந்த அன்று டீச்சர் என்னிடம் கேட்டார்: "சார், எங்க தாத்தாவ வுட்டுட்டுப் போனாங்களா, குடுத்துட்டுப் போனாங்களா? எங்கப்பா இது தெரியாமயே போயிட்டாரு. நான் தெரிஞ்சிக்காம போகமாட்டேன்."

ஓய்வு பெற்ற பிறகுதான் அதற்கு நேரம் கிடைத்தது. முதலில் தாத்தா படித்த பள்ளிக்குப் போனார். தொட்டால் உதிரும் பழைய சேர்க்கைப் பதிவேட்டில் முனுசாமியின் பெயரும் பிறந்த தேதியும் இருந்தன. நடை பழகும் வயதிலேயே தத்து வந்தவர் என்பதால், பிறந்த ஆண்டிலிருந்து தொடங்கினால் தத்துப் பத்திரம் எங்காவது அகப்படும் என்று கணக்குப் போட்டார். பதிவு அலுவலகத்தில் மனு கொடுத்து, பணம் கட்டி, பழைய பெயர் அட்டவணைகளை வருடம் வருடமாகப் பார்த்தார். ஒன்றரை ஆண்டு ஓடியது. சில நாள் நானும் துணைக்குப் போவேன்.

அங்கே ஓர் எழுத்தர் அவரைச் சீண்டுவார். "இன்னா டீச்சர், எங்களவிட ஜாஸ்தி நீங்கதான் ஆபீசுக்கு வர்றீங்க."

"அப்ப வருகைப் பதிவேட்ல எனக்கும் ஒரு கட்டம் போட்டு வைங்க. லீவு கம்மியாதான் எடுப்பேன்."

பிறந்த ஆண்டிலிருந்து பதினைந்து ஆண்டுகள் பார்த்தாயிற்று. பத்திரம் இல்லை. அப்படியானால் தீபக் கதைதான் உண்மையோ என்று டீச்சர் சோர்ந்துபோன ஒரு மாலை, என் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். பேச்சை மாற்றுவதற்காக நான் ஒரு பழைய கதையைச் சொன்னேன். நான் முதலில் ஆரம்பப் பள்ளியில்தான் வேலை பார்த்தேன். பிள்ளையைக் கூட்டிவரும் பலருக்குப் பிறந்த தேதி தெரியாது. வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வோம். தொட்டுவிட்டால் ஐந்து வயது. பள்ளி திறக்கும் மாதத்தையே பிறந்த மாதமாக எழுதிவிடுவோம். அப்படி நான் தேதி போட்ட ஒருவர், இப்போது தலை நரைத்த வயதில், "சார், நான் பொறந்தது மார்கழியில, அதுவும் ரெண்டு வருஷம் முன்னாடின்னு எங்கம்மா சொல்றாங்க" என்று வந்து சிரித்துவிட்டுப் போனார்.

சொல்லி முடிப்பதற்குள் டீச்சர் பையிலிருந்து நோட்டை எடுத்தார். தாத்தாவின் பிறந்த தேதியில் விரலை வைத்தார். ஜூன் ஒன்று.

"சார், ஜூன் ஒண்ணுன்னு நீங்க எத்தனை புள்ளைங்களுக்குப் போட்டிருப்பீங்க?"

"யாரு எண்ணிப் பாத்தாங்க?"

"ரெண்டு வாத்தியாருங்க ஒண்ணரை வருஷமா இந்தத் தேதிய நம்பியிருக்கோம் பாருங்க!" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். மறுநாளே, தாத்தா பிறந்ததாக எழுதியிருந்த ஆண்டுக்கு முன்னால் தேடத் தொடங்கினார். பத்து நாளில் கைப்பேசியில் அவர் குரல்: "சார், எங்க தாத்தா பொறக்கறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே தத்துப் போயிட்டாரு!"

நகலை நானும் படித்தேன். போளூர் பக்கத்து ஊர் ஒன்றைச் சேர்ந்த விவசாயி எழுதிக்கொடுத்தது. தனக்கு நான்கு ஆண் மக்கள் இருப்பதாலும், தேரடித் தெருக் கடைக்காரருக்குச் சந்தானம் இல்லாததாலும், தன் மூன்றாவது குமாரனை மனைவியின் முழுச் சம்மதத்துடன் கொடுப்பதாக இருந்தது. அடியில் கைரேகை.

"வுட்டுட்டுப் போகல சார்" என்றார் டீச்சர். சற்றுப் பொறுத்து, "ஆனா குடுத்தப்புறம் நெனச்சாங்களா?" என்றார்.

அதைப் பத்திரம் சொல்லாது. அந்த ஊருக்கே போனோம். பெயரைச் சொல்லி விசாரித்ததில், பத்திரம் எழுதியவருடைய மூத்த மகனின் பேரன் ஏழுமலையின் வீட்டைக் காட்டினார்கள். எழுபதைக் கடந்தவர். நாற்காலி போட்டார், மோர் கொடுத்தார். பத்திரம் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் முகம் மாறியது.

"நெலத்துல பங்கு கேக்க வந்திருக்கீங்களா? நேராவே சொல்லிடுங்க. ஏன் சுத்தி வளைக்கிறீங்க?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எழுந்தேன். டீச்சர் எழவில்லை.

"எவ்ளோங்க நெலம்?"

"ரெண்டு ஏக்கரா."

"நான் கணக்கு டீச்சருங்க. உங்க தாத்தா காலத்துலேர்ந்து பிரிச்சிப் பிரிச்சி எனக்கு வர்ற பாகத்துல, செருப்பக் கழட்டி வெச்சா நிக்க எடம் இருக்காது."

உள்ளே யாரோ பெண்கள் சிரித்தார்கள். டீச்சர் நகலை ஏழுமலையின் கையிலேயே வைத்தார். "இது உங்க வூட்டுக் காகிதம், நீங்களே வெச்சிக்குங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். எங்க தாத்தாவ இந்த வூட்ல யாராவது நெனச்சாங்களா?"

ஏழுமலை அந்தக் காகிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"எங்க தாத்தாவ யாரு கேட்டாலும், 'நாங்க அண்ணன் தம்பி நாலு பேரு'ம்பாரு. 'மூணு பேருதானேயா இருக்கீங்க, உனக்கு எண்ணத் தெரியாதா'ன்னு கேலி பண்ணுவாங்க. 'ஒருத்தன் திருவண்ணாமலையில இருக்கான், நல்லா இருக்கான்'னு சொல்லுவாரு. போய்ப் பாக்கக்கூடாதுன்னு வளத்தவங்க சத்தியம் வாங்கிட்டாங்களாம். சாகற வரைக்கும் அவருக்கு நாலுதான்."

டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "இன்னொரு தரம் சொல்லுங்கண்ணா" என்றார். ஏழுமலை மறுபடியும் முதலிலிருந்து சொன்னார்.

அதன் பிறகு போக்குவரத்து இருந்தது. அங்கே காதுகுத்து என்றால் டீச்சர் போவார். தீபத்துக்கு அவர்கள் வேங்கிக்காலில் உள்ள டீச்சர் வீட்டில் வந்து தங்குவார்கள். ஒருமுறை நான், "கருமாதியில பேசினவங்ககிட்ட அந்தப் பத்திரத்தக் காட்டவேணாமா?" என்று கேட்டேன். "நான் என்ன மார்க் வாங்கறதுக்கா போட்டேன்?" என்றார். காட்டவே இல்லை.

புதன்கிழமை மதியம், எடுப்பதற்கு நேரம் நெருங்கியது. சடங்கு செய்துவைத்த பெரியவர், "பொறந்த வூட்டுக் கோடி யாரு போடறது?" என்று குரல் கொடுத்தார். பெண் இறந்தால், பிறந்த வீட்டார் கொண்டுவந்த புதுச்சேலையைக் கடைசியாகப் போர்த்துவது எங்கள் பக்கத்து வழக்கம். டீச்சருக்கு உடன்பிறந்தவர் இல்லை. தேரடித் தெரு உறவினர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிரபு என்னைப் பார்த்தார்.

அப்போதுதான் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. அதிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் இறங்கினார்கள். முன்னால் ஏழுமலை, மடித்த சேலையை இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு.

"நீங்க யாருங்க?" என்றார் பெரியவர்.

"பொறந்த வூடு" என்றார் ஏழுமலை. "எங்க தங்கச்சி."

உறவினர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவர் குனிந்து, சேலையைப் பிரித்து, கால் முதல் தோள் வரை போர்த்தி, ஓரங்களை மெல்ல நீவிவிட்டார்.

டீச்சர், உங்கள் வீட்டார் வந்து உங்களை வழியனுப்பியதை நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். நிம்மதியாகப் போய் வாருங்கள்.