அனிமல் ஹவுஸைத் திறந்து காட்டிய நாள்

பனியன் கம்பெனியில் எனக்குக் கம்ப்ளையன்ஸ் வேலை. எங்கள் துணியை வாங்கும் வெளிநாட்டு பையர் சார்பில் ஆடிட் வருகிறார்கள் என்றால், தீயணைப்புக் கருவியின் தூசி துடைப்பதிலிருந்து செக்கிங் மேசைப் பெண்களுக்குப் பதில் சொல்லிக் கொடுப்பது வரை என் பொறுப்பு. கேட்டதற்கு மட்டும் பதில், கேட்காததற்கு வாயே திறக்கக் கூடாது. இதில் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியவன் நான்.

மகள் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் மேற்படிப்பு படிக்கிறாள். சாயப்பட்டறை ஆட்களின் கையில் வரும் புண்ணுக்கு ஒரு களிம்பு. அதை எலிகளுக்குத் தடவிப் பார்க்கிற ஆராய்ச்சி. அந்த எலிகள் இருக்கும் கட்டடத்துக்கு, அனிமல் ஹவுஸ் என்பார்கள், அதுவரை ஒரு பெயர்ப்பலகைகூடக் கிடையாது. இந்த வருடம் என்ன தோன்றியதோ, எங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை, பெற்றோரும் பொதுமக்களும் வந்து பார்க்கலாம் என்று அறிவித்துவிட்டார்கள். சுற்றிக் காட்டும் வேலை மகள் தலையில் விழுந்தது.

அவள் சில வாரமாகவே முகம் கொடுத்துப் பேசவில்லை. கூட்டத்தைக் கண்டு பயப்படுகிறாள் என்று நானாக முடிவு கட்டினேன். உட்கார வைத்துப் பாடம் எடுத்தேன்.

"எலி கடைசியில என்னாகும்னு யாராச்சும் கேட்டா, விதிமுறைப்படி ஆய்வு நிறைவு செய்யப்படும்னு சொல்லு கண்ணு. அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம்."

தலையாட்டினாள். அவளுடைய பேராசிரியரும் ஏறக்குறைய அதையேதான் சொல்லியிருந்தாராம். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பார்வைக்குத் திறந்த அன்று நானும் போயிருந்தேன். கூண்டுகள் எல்லாம் பளிச்சென்று இருந்தன. ஆடிட் நாளில் எங்கள் கம்பெனிகூட அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. உடுமலைப்பேட்டையிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா, வேறொரு மாணவியின் தாய், எலிகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏங்கண்ணு, எல்லாம் முடிஞ்சதுக்கப்புறம் இதுகள என்ன பண்ணுவீங்க?"

மகள் என்னைப் பார்த்தாள். சொல்லிக் கொடுத்ததை நான் உதட்டசைவில் எடுத்துக் கொடுத்தேன்.

"கொன்னுருவோமுங்க," என்றாள். "தோலுக்குள்ள எப்படி ஆறியிருக்குன்னு வெட்டித்தான் பாக்க முடியும். நானே செஞ்சிருக்கறனுங்க."

பேராசிரியரின் முகம் மாறிவிட்டது. அந்த அம்மா விடவில்லை.

"துடிக்குமா?"

"மயக்க மருந்து ஏறிட்டா ஒண்ணும் தெரியாதுங்க. ஆனா கையில புடிக்கறப்பப் பயப்படுமுங்க."

"உனக்கும் கஷ்டந்தான் கண்ணு," என்று அந்த அம்மா அவள் தோளைத் தொட்டார். மகள் எல்லார் முன்னாலும் அழுதுவிட்டாள்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவளைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு அவிநாசி வரை வந்தேன். அங்கே ஒரு டீக்கடையில் நிறுத்திக் கேட்டேன்.

"முன்னப்பின்ன தெரியாத அம்மாகிட்டச் சொல்றே. இத்தனை நாள் ஊட்டுல ஏன் கண்ணு சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லீங்கப்பா. என்ன சொல்லணும்னுதான் சொல்லிக் குடுத்தீங்க."

கோபம் போய் வெட்கம் வந்தது. பக்கத்து பெஞ்சில் ஆள் இருந்ததைக்கூடப் பார்க்காமல், "இப்பக் கேக்கறேன், சொல்லு," என்றேன்.

முதல் எலியிலிருந்து ஆரம்பித்தாள்.