பக்கத்தில் போனவள்

எங்கள் ஆபீஸில் ஒவ்வொரு கம்ப்யூட்டர் மேலும் ஒரு பச்சைப் பொட்டலம் இருக்கும். தேங்காய் மணக்கும் சோளப்பொரி. சின்னப் பிள்ளைகள் தின்கிற சரக்குதான். ஆனால் அது மேலே இருந்தால் இயந்திரம் சொன்ன பேச்சுக் கேட்கும். மஞ்சள் பொட்டலம் கூடாது, பச்சைதான் வேண்டும். பிரிக்கக் கூடாது. முக்கியமாக, காலாவதி தேதி தாண்டக் கூடாது. தாண்டினால் இயந்திரம் முரண்டு பிடிக்கும். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். ஜூபே ஊரில் இருபது வருஷமாக மென்பொருள் சோதித்துப் பிழைக்கிறவள் நான். எனக்குத் தெரியும்.

அப்பேர்ப்பட்ட ஆபீஸில், என் அடுத்த மேசை பெங் ருய்ஷியாங் அண்ணனின் பொட்டலம் மட்டும் தேதி தாண்டி இரண்டு வருஷத்துக்கு மேலாகியும் அப்படியே உட்கார்ந்திருந்தது. தேதி அச்சடித்த பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தார் மனிதர். அதனால் யாருக்கும் தெரியவில்லை.

அண்ணனுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. கேட்டு வாங்கத் தெரியாதவர். மதியச் சாப்பாட்டுக் கடைக்காரன் மீன் சாப்பாட்டுப் பெட்டிக்குப் பதில் பன்றி வறுவலை மாற்றிக் கொடுத்தால் அதையே தின்றுவிட்டு வருவார். "திருப்பிக் கேக்க வேண்டியதுதானே?" என்றால், "அவனுக்கும் கூட்டம்" என்பார். அழுத பிள்ளைக்குத்தான் பால் என்று நான் நூறு தடவை சொல்லியிருப்பேன். எனக்கு வாய் சும்மா இருக்காது. அவருக்கு அடித்தாலும் வாய் திறக்காது. பதினோரு வருஷம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம்.

எங்கள் கம்பெனி செய்வது ஒரு காவல் கருவி. மற்றவர்கள் எழுதிய புரோகிராமை அதற்குள் ஓடவிட்டால், நினைவகத்தில் அது எங்கே தப்பாகக் கை வைக்கிறது என்று கண்டுபிடித்துக் கத்தும். அதில் ஸ்டாக்கைக் கவனிக்கும் பகுதி அண்ணனுடையது. ஸ்டாக் என்பது புரோகிராம் தன் கைவேலைக்கு எடுத்துக்கொள்கிற இடம். ஒரு வேலை தொடங்கினால் அடுக்கின் உச்சியில் கொஞ்சம் இடம் பிடிக்கும். முடிந்தால் விட்டுவிடும். உச்சி எது என்று காட்ட ஒரு முள் உண்டு. அந்த முள் நகரும்போதெல்லாம் எங்கள் கருவி குறித்துக்கொள்ளும்: இந்த இடம் உயிரோடு இருக்கிறது, இந்த இடம் செத்துவிட்டது. செத்த இடத்தை எவனாவது தொட்டால் உடனே புகார். பதினேழு வருஷம் அந்த ஒரு முள்ளைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் அண்ணன்.

அவர் மனைவி சுன்மெய் அக்காவை எங்கள் எல்லாருக்கும் தெரியும். புதுவருஷத்துக்கு முன்னால் ஒரு பை நிறையப் பச்சைப் பொட்டலங்களோடு வந்து, எங்கள் வரிசை முழுக்க மாற்றிவிட்டுப் போவார். ஒவ்வொன்றிலும் தடித்த பேனாவால் ஏதாவது எழுதுவார். என்னுடையதில், 'யூசின் திட்டினால் எதிர்த்துப் பேசாதே' என்று இருந்தது. யூசின் நான்தான். அண்ணனுடையதில், 'நேரத்துக்குச் சாப்பிடு.'

"இது கம்ப்யூட்டருக்கா, அண்ணனுக்கா?" என்று கேட்டேன்.

"ரெண்டுல எது கேட்டாலும் எனக்கு லாபம்தான்" என்றார்.

பிறகு அவர் வருவது நின்றுபோனது. ஒரு புதுவருஷம் வரவில்லை, அடுத்ததும் வரவில்லை. அண்ணனின் சட்டை கசங்கியது. நாங்கள் யாரும் கேட்கவில்லை. பிரிந்துவிட்டார்கள் என்று நாங்களாகவே முடிவுகட்டி, அந்தப் பேச்சையே விட்டுவிட்டோம். ஒருநாள் மாலை ஜூபே ஸ்டேஷனில் அண்ணனைப் பார்த்தேன். அவர் வீடு அதற்கு நேர் எதிர்ப் பக்கம். தெற்கிலிருந்து வரும் ஆறு பன்னிரண்டு ரயில் நின்று, ஜனம் எல்லாம் வெளியே வரும்வரை தூண் ஓரமாக நின்றார். கடைசி ஆள் சீட்டைக் காட்டி வெளியே வந்ததும் காற்றுக்குத் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். கூப்பிட வாய் வரவில்லை. எனக்கே வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது புதுவருஷத்துக்கு இருபது நாள் இருக்கும்போது தாய்நானிலிருந்து ஒரு வாடிக்கையாளர் கத்தினார். அவர் புரோகிராமை எங்கள் கருவியில் ஓட்டினால் பதினாலாயிரம் பிழை வருகிறதாம். புரோகிராமில் ஒரு தப்பும் இல்லையாம். இரண்டு நாள் எல்லாரும் தலையைப் பிய்த்துக்கொண்டோம். மூன்றாம் நாள் எங்கள் குழுவின் காய்வென், அண்ணனின் கம்ப்யூட்டர் ஒயரைச் சரிசெய்யப் போனவன், பேயைக் கண்டவன்போல் கத்தினான்.

"யூசின் அக்கா! இந்தத் தேதியப் பாருங்க! காலாவதியாகி ரெண்டு வருஷம் மூணு மாசம்! பிழை வராம என்ன வரும்?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அண்ணன் கழிவறைக்குப் போயிருந்தார். பொட்டலத்தை எடுத்துக் குப்பைக் கூடையில் வீசினேன். துப்புரவுக்கார அம்மாள் அந்த நேரம் பார்த்துக் கூடையைக் காலி செய்துகொண்டு போனாள்.

அவர் திரும்பி வந்து கம்ப்யூட்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"எங்க?"

"போட்டாச்சு. புதுசு வாங்கிட்டு வரேன். உங்களால எங்க எல்லாருக்கும்..."

முடிக்கவில்லை நான். அவர் ஓடினார். அந்த மனிதர் ஓடி நான் பார்த்ததே இல்லை. பின்னாலேயே கீழ்த்தளக் குப்பை அறைக்குப் போனேன். கறுப்புப் பைகளைப் பிரித்து, முழங்கைவரை டீ இலையும் நூடுல்ஸுமாகத் துழாவிக்கொண்டிருந்தார். நான்காவது பையில் கிடைத்தது. சட்டையில் துடைத்தார். எழுத்து அழியவில்லை என்று பார்த்த பிறகுதான் மூச்சு விட்டார்.

"அவ வாங்கினது" என்றார்.

"அண்ணே... அக்கா உங்கள விட்டுப் போயிட்டாங்கன்னு நாங்க நெனச்சோம்."

"போகல. தெக்கே, அவ பொறந்த ஊர் மியாவ்லிக்குப் போயிருக்கா. அவங்கம்மாவுக்குப் பக்கவாதம். பாத்துக்க ஆள் இல்ல."

"எப்ப வராங்க?"

"சொல்லல."

"நீங்க கேட்டீங்களா?"

"இல்ல."

சண்டை எதுவும் இல்லையாம். இரண்டு மாதம் என்று சொல்லி ஒரு பையோடு அக்கா உள்ளூர் ரயில் ஏறினாராம். இரண்டு ஆறானது. இவர் போன் செய்யும்போதெல்லாம் அவர் தாயைக் குளிப்பாட்டிக்கொண்டோ உணவு ஊட்டிக்கொண்டோ இருந்தார். தொந்தரவு செய்யக் கூடாது என்று இவர் குறைத்தார். இவர் குறைத்ததைப் பார்த்து அவரும் குறைத்தார். வாசலில் அக்கா வீட்டுக்குள் போடும் செருப்பு இன்னும் உள்ளே காலை வைத்ததும் போட்டுக்கொள்ள வசதியாகத் திருப்பி வைத்திருக்கிறதாம். இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. குப்பையில் வீசிய கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது.

பிழையை அன்று சாயங்காலமே அவர் பிடித்துவிட்டார். பொட்டலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அவர் சொன்னார். நான் இன்றும் நம்பவில்லை. தாய்நான்காரருக்கு அவர் போனில் விளக்கியதைப் பக்கத்தில் இருந்து கேட்டேன்.

"சார், உங்க புரோகிராம்ல ஒரு ஸ்டாக் இல்ல, நூத்துக்கணக்கில இருக்கு. சின்னச் சின்னதா, பக்கத்துப் பக்கத்துல. ஒண்ணுல பாதி வேலைய விட்டுட்டு இன்னொண்ணுக்குத் தாவுது, அப்புறம் திரும்பி வருது. சரிதானே? எங்க கருவியில ஒரு கணக்கு இருக்கு. முள்ளு இருபது லட்சம் பைட்டுக்கு மேல தாவினா, 'ஓ, வேற இடத்துக்குப் போயிருக்கு'ன்னு புரிஞ்சுக்கிட்டு பழைய இடத்தத் தொடாது. அதுக்குக் கீழன்னா, வேலை முடிஞ்சு போச்சுன்னு நெனச்சு, நடுவுல இருக்கிறத எல்லாம் செத்துட்டதா எழுதிடும். திரும்பி வந்து தொட்டா புகார்... ஆமா சார். தூரமாப் போனா பிரச்சினை இல்ல. பக்கத்துல போனாத்தான் தப்பா எழுதிடுது."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள்.

"கருவிக்குத் தானாத் தெரியாது சார். நீங்கதான் சொல்லணும். இது ஒரு ஸ்டாக், இங்கேருந்து இதுவரைக்கும்னு ஒரு வரி பதிவு பண்ணிட்டா போதும். எப்ப திரும்பி வரும்னு எல்லாம் சொல்ல வேண்டாம். இது இருக்குன்னு சொன்னாலே எழுதாது. ஆமா... சொல்லாம..."

அங்கே நின்றுவிட்டார். போனில் "ஹலோ, ஹலோ" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. போனை வாங்கி நானே பேசி வைத்தேன்.

அப்புறம் நான் சும்மா இருப்பேனா?

"அண்ணே, மியாவ்லி எவ்வளவு தூரம்?"

"ரயில்ல அம்பது நிமிஷம்."

"அது இருபது லட்சத்துக்கு மேலயா, கீழயா?"

அவர் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார். நான் விடவில்லை.

"கனடாவுக்குப் போயிருந்தா ஏர்போர்ட்ல அழுதிருப்பீங்க. எப்ப வருவேன்னு கேட்டிருப்பீங்க. அம்பது நிமிஷம்கிறதால ரெண்டு வருஷம் கேக்கல. சரி, புதுவருஷத்துக்கு ரெண்டாம் நாள் மாமியார் வீட்டுக்காவது போனீங்களா?"

"இல்ல."

"ரெண்டு வருஷமுமா?"

"ரெண்டாம் நாள் பொண்டாட்டிய அவ பொறந்த வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதுதானே வழக்கம்?" என்றார், மிகவும் யோசித்து. "அவ ஏற்கெனவே அங்கதான் இருக்கா. கூட்டிட்டுப் போக இங்க ஆள் இல்ல. அதனால எனக்கு அது பொருந்தாதுன்னு..."

தலையில் அடித்துக்கொண்டேன். இரண்டாம் நாள் மருமகன் வந்து நிற்கவில்லை என்றால் ஊரும் உறவும் என்ன நினைக்கும் என்று கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். இந்த மேதாவி நிபந்தனை சரிபார்த்திருக்கிறார்! அக்கம்பக்கத்து வீட்டுப் பெண்களுக்கெல்லாம் கணவன்மார் பரிசுப் பெட்டியோடு வந்து இறங்க, அக்கா மட்டும் தனியாக அடுப்படியில் நின்றிருப்பார் என்று நினைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

என் பிறந்த வீடு மியாவ்லியைத் தாண்டி துங்லுவோவில். இரண்டாம் நாள் காலை என் வீட்டுக்காரர் கார் ஓட்ட, அண்ணனைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டோம். மடியில் காய வைத்த சீமைப்பனிச்சைப் பழப் பெட்டி இரண்டு. பரிசு என்றால் ஜோடியாகத்தான் கொடுக்க வேண்டும். "அவ போயிடுங்கன்னு சொல்லிட்டா?" என்று வழியில் ஒருமுறை கேட்டார் அண்ணன். என் வீட்டுக்காரர், "சொன்னா எங்க வீட்டுக்கு வந்துடுங்கண்ணே, சோறு இருக்கு" என்றார்.

மியாவ்லி வீட்டு வாசலில் வெயில் காய்ந்துகொண்டு சக்கர நாற்காலியில் அக்காவின் அம்மா உட்கார்ந்திருந்தாள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. கண் மட்டும் தெளிவு. அண்ணனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வாங்க மாப்பிள்ள" என்றாள், குழறலாக. "ரயில் ரொம்ப லேட்டு போல."

சத்தம் கேட்டு சுன்மெய் அக்கா ஈரக் கையோடு வெளியே வந்தார். மெலிந்திருந்தார். அண்ணன் பெட்டிகளை நீட்டினார். அவர் வாங்கவில்லை.

"எதுக்கு வந்தீங்க?"

"நீ எப்ப வரேன்னு கேக்க."

"ரெண்டு வருஷமா வராத கேள்வியா இது?"

"அந்தப் பொட்டலம்..." என்று ஆரம்பித்த அண்ணன் நிறுத்திவிட்டார். என்னால் பொறுக்க முடியவில்லை. கார் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினேன்.

"நீங்க கடைசியா வெச்ச பொட்டலத்த நான் தூக்கிப் போட்டுட்டேன்க்கா! நாலு மூட்டை குப்பையக் கிளறி எடுத்துட்டு வந்தாரு!"

அக்கா இடுப்பில் கட்டிய சமையல் துணியில் கையைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு அண்ணனை வேலி ஓரம், நாற்காலிக்கு எட்டாத தூரத்துக்கு இழுத்து வந்தார். அது எங்கள் காருக்கு மிக அருகில்.

"நான் ஏன் தேதி சொல்லலன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றார், தணிந்த குரலில். "எப்ப வருவேன்னு நான் சொன்னா, அது அம்மா சாகுற தேதி. அத என் வாயால எப்படிச் சொல்லுவேன்? நீங்களாக் கேக்க மாட்டீங்களா, வந்து நிக்க மாட்டீங்களான்னுதான் இருந்தேன். வரல. சரி, என்னை மறந்தாச்சுன்னு..."

"தேதி வேண்டாம்" என்றார் அண்ணன். அவர் ஒருவர் பேச்சை இடைமறித்து அன்றுதான் கேட்டேன். "தேதி கேக்கல, சுன்மெய். வருவேன்னு மட்டும் சொல்லு. எனக்கு அது போதும்."

"வருவேன்" என்றார் அக்கா. "வேற எங்க போவேன்? என் செருப்பு அங்கதானே இருக்கு."

"இருக்கு" என்றார் இவர்.

என் வீட்டுக்காரர் காரைக் கிளப்பிவிட்டார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது, தூசி என்றார்.

விடுமுறை முடிந்து அண்ணன் புதுப் பச்சைப் பொட்டலத்தோடு வந்தார். அதே கையெழுத்து, அதே 'நேரத்துக்குச் சாப்பிடு.' காய்வென் அவசரமாகத் திருப்பித் தேதியைத் தேடினான். அச்சடித்த தேதியின் மேல் தடித்த பேனாவால் கறுப்பாக அடித்திருந்தது.

"அண்ணே, தேதியே தெரியலையே! இத எப்ப மாத்துறது?"

"மாத்த வேண்டாம்" என்றார்.

இது நடந்து மூன்று வருஷம். அந்த அம்மாளுக்கு எண்பத்தாறு வயது, ஆயுசு கெட்டி. அண்ணன் சனிக்கிழமைதோறும் மியாவ்லி போகிறார், அவளுக்குக் கஞ்சி ஊட்டுகிறார், கோவிலில் அவள் நன்றாக இருக்க வேண்டும் என்று ஊதுபத்தி ஏற்றுகிறார். ஞாயிறு தனியாகத் திரும்புகிறார். போன வாரம், புதன்கிழமை, ஸ்டேஷன் தூண் ஓரம் மறுபடி அவரைப் பார்த்தேன். இந்தத் தடவை பக்கத்தில் போய் நின்றேன்.

"அண்ணே, அக்கா இன்னிக்கு வரமாட்டாங்கன்னு உங்களுக்கே தெரியும். அப்புறம் எதுக்கு இங்க நிக்கிறீங்க?"

ஆறு பன்னிரண்டு ரயில் வந்து நின்றது. ஜனம் இறங்கியது. அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"வரமாட்டான்னு தெரியும்" என்றார். "வரப்ப இந்த ரயில்லதான் வருவா."