பி.எச்.டி.க்கு ஒரு கைடு

அஸ்தினாபுரத்திலிருந்து குரோம்பேட்டை ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோவில் போகும்போதெல்லாம், இறங்கும் இடம் வந்ததும் என் வாயில் "ருக்கோ, ருக்கோ" என்றுதான் வருகிறது. நாற்பது வருடம் பாம்பேயில் வண்டியை நிறுத்தச் சொன்ன வாய். வந்த புதிதில் ஒரு டிரைவர் வண்டியை நிறுத்தாமலே திரும்பிப் பார்த்து, "ருக்கு யாரு பெர்சு, உன் வூட்டம்மாவா? இன்னும் ஏறலியா?" என்றான். உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டம்மா பெயர் சொர்ணம். அவள் போய்ச் சேர்ந்ததால்தான் நான் இந்த ஊருக்கே வந்தேன் என்பதை ஷேர் ஆட்டோவில் யாரிடம் சொல்வது? அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடந்தேன்.

தாராவிச் சொந்தங்களே, நான் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன், இங்கே சொல்ல ஆளில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். டீக்கடையில் கிளாஸ் கழுவி, கிளீனராகி, டிரைவராகி, ஆறு டெம்போவுக்கு முதலாளி ஆனேன். குர்லா முழுக்கத் தேடியும் கிடைக்காத கியர் பாக்ஸை அரை நாளில் கொண்டுவந்து இறக்கியவன். நாலு ரோடு கூடுகிற நாக்காவில் நிற்கிற போலீஸ்கூட என்னை "அண்ணா" என்றுதான் கூப்பிடுவான். இங்கே நான் பெர்சு. எல்லோரும் தமிழ் பேசுகிற ஊரில் பேச ஆளில்லாமல் உட்கார்ந்திருப்பேன் என்று அங்கே யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

என் மகள் வளர்மதி நாவலூர்ப் பக்கம் ஓர் இன்ஜினியரிங் காலேஜில் கணக்கு லெக்சரர். காலை ஆறரைக்குக் காலேஜ் பஸ் ஏறினால் வீடு திரும்ப ஏழு ஆகும். பிறகு பிள்ளைகளின் பேப்பர் திருத்துவாள். அதுவும் முடிந்தால் பி.எச்.டி. புத்தகம். சனிக்கிழமை யுனிவர்சிட்டி, ஞாயிற்றுக்கிழமை துணி. "சாப்டீங்களாப்பா?" "சாப்ட்டேம்மா." ஒரு நாளில் எங்கள் மொத்தப் பேச்சு அவ்வளவுதான். நான் குறைப்படவில்லை. பெண் டாக்டர் ஆகப்போகிறாள் என்ற நினைப்பே எனக்குச் சோறு. பாம்பேயை விட்டுக் கிளம்பும்போது, படிப்பு முடியுமுன்பே, உங்களுக்கெல்லாம் "டாக்டர் வளர்மதி இல்லம், அஸ்தினாபுரம்" என்றுதானே விலாசம் எழுதிக் கொடுத்தேன்?

ஒரு நாள் அவள் போனில் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. "இருந்த கைடும் போயிட்டாருடி. வேற கைடு கிடைக்கலன்னா அவ்ளோதான்." 'போயிட்டாரு' என்றது என் காதில் ஏறவில்லை, கைடு மட்டும்தான் ஏறியது. பரீட்சைக்குக் கேள்வி பதில் போட்டு விற்கிற புத்தகம், அதுகூடத் தெரியாதா எனக்கு? கியர் பாக்ஸ் கொண்டுவந்தவனுக்கு ஒரு புத்தகம் எம்மாத்திரம்? மறுநாளே மின்சார ரயில் ஏறித் தாம்பரம் போனேன். ஸ்டேஷனுக்கு வெளியே நோட்டுப் புத்தகக் கடை ஒன்று. பள்ளிக்கூடம் திறக்கிற சமயம், நல்ல கூட்டம்.

"கைடு வேணும்."

"எத்தினியாவது சார்?"

"பி.எச்.டி. மேத்ஸ்."

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "டென்த் கீது, பிளஸ் டூ கீது. பி.எச்.டி.க்கு இன்னும் அச்சடிக்கலியே சார்."

"இங்க இல்லன்னா பாம்பேல இருந்து வரவழைச்சிக்கிறேன். பேரை மட்டும் எழுதிக் குடுங்க."

பக்கத்தில் நின்ற டீச்சரம்மா ஒருத்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அங்கிள், அதுல கைடுன்னா புக் இல்ல, ஆளு. கூட இருந்து வழிகாட்டற ப்ரொபசர்" என்றாள். கூட்டம் அடக்கவில்லை. "பெர்சு டாக்டருக்குப் படிக்குதுபா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். வெறுங்கையோடு திரும்பினால் இன்னும் கேவலம் என்று, கண்ணில் பட்ட பிளஸ் டூ கணக்குக் கைடை வாங்கிக்கொண்டு வந்தேன்.

வளர்மதி வந்து மேஜையைப் பார்த்தாள். "இது யாருக்குப்பா?" நடந்ததைச் சொன்னேன். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அவள் அம்மா போனபின் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. சிரித்து ஓய்ந்ததும் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"சரியான கைடுதான் வாங்கியிருக்கீங்க. பி.எச்.டி.ய விட்டுட்டேம்பா. தபால்ல பி.எட். சேர்ந்திருக்கேன். முடிச்சிட்டு ஸ்கூலுக்குப் போகப் போறேன்."

"காலேஜ விட்டுட்டுப் பள்ளிக்கூடமா? கைடு போனா வேற ஆளு கிடைக்காதா?"

"ரெண்டு பேரைக் கேட்டேன். வாரத்துல ரெண்டு நாள் வரச் சொல்றாங்க, காலேஜ்ல லீவு தர மாட்டாங்க. அதுவும் இல்லப்பா. ஃபர்ஸ்ட் இயர் பசங்களுக்குப் பிளஸ் டூ கணக்கே வரல. அதைச் சொல்லித் தர்றப்பதான் எனக்கு டீச்சர் மாதிரி இருக்கு."

"பாம்பேல எல்லார்ட்டயும் டாக்டர்னு சொல்லிட்டேனேம்மா."

"நீங்க சொன்னதுக்கு நான் எத்தன வருஷம் படிக்கிறது?"

எழுந்து போய் அவளுக்குச் சாப்பாடு எடுத்து வைத்தேன். கிளாஸ் கழுவின நாளிலேயே முதலாளிமாரை எதிர்த்துப் பேசியவன் நான்.

பி.எட். முடித்து இப்போது அவள் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூவுக்கு எடுக்கிறாள். ஐந்தரைக்கெல்லாம் வந்துவிடுகிறாள். முன்னைப்போலப் பேப்பர் கட்டு உண்டு, ஆனால் முகத்தில் அந்த இறுக்கம் இல்லை. எனக்குத்தான் பகல் நீளம். நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட வைத்திருந்த ஒன்று கையை விட்டுப் போனதில், கேட்டருகே நாற்காலி போட்டுத் தபால்காரருக்குக் காத்திருக்கிறேன்.

போன வாரம் உங்களிடமிருந்து கல்யாணப் பத்திரிகை வந்தது. தபால்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டாக்டர் வளர்மதியாம், நம்பர் இல்ல, தெருவு இல்ல. இந்த ஏரியாவுல அப்டி டாக்டரே கிடையாது சார். ரெண்டு நாளா சுத்திகினு கீறேன், செம பேஜாரு. ரிட்டன் போடப் போறேன்."

"குடுங்க. எங்க வூடுதான்."

வூடு. என் வாயிலிருந்துதான் வந்தது.

"அட, உங்க வூடா? பாம்பேக்காரர் வூடுன்னு போட்டிருந்தா அன்னிக்கே வந்திருக்குமே!"

அதனால் இதை எழுதுகிறேன். விலாசத்தில் இனி டாக்டர் போடாதீர்கள், நான்தான் அவசரப்பட்டுவிட்டேன். நாற்பது வருடம் உங்கள் ஊரில் என்னை மதராசி என்றார்கள். இங்கே, பாம்பேக்காரர் வீடு என்று போட்டால் தபால் நேராக வந்து சேரும்.